விரிசலின் வம்சம்

தவக்காலத்தில் ஆட்டுக்கறி தின்னக் கூடாது, முட்டை கூடாது, பால்கட்டி கூடாது. ஆளைத் தின்னலாம். அதற்கு கிரேக்க நாட்டுக் கெர்க்கிராத் தீவில் எந்தப் பாதிரியாரும் இதுவரை தடை சொன்னதில்லை. எங்கள் சந்தில் இருக்கிற ஆறு மாடிக் கட்டடத்தின் குடியிருப்போர் கூட்டம் வருஷா வருஷம் அந்தச் சமயமாகப் பார்த்து நடப்பதற்கு வேறென்ன காரணம் இருக்க முடியும்? வயிறு காய்ந்து கிடக்கிற நேரம். வாய்க்கு மெல்ல ஏதாவது வேண்டும்.

கட்டடம் வெனிஸ்காரன் ஆண்ட காலத்தது. அதற்குப் பிறகு வந்தவர்கள் யாரும் அதைத் தொடவில்லை, துணி காயப்போடக் கொடி கட்டினதைத் தவிர. கூட்டம் நடக்கிற இடம் மாடிப்படி அடிவாரம். அவரவர் நாற்காலியை அவரவர் தூக்கிக்கொண்டு வர வேண்டும். முதல் மாடி கேப்டன் விளாசிஸ் கப்பலில் இருந்து கொண்டுவந்த மடக்கு நாற்காலியோடு வருவார். இரண்டாம் மாடி மருந்துக்கடை ஒலிம்பியா அம்மாளுக்குப் பிரம்பு நாற்காலி. மூன்றாம் மாடி சம்பேத்தா ஒரு முக்காலியோடு வந்து ஓரமாக உட்காருவாள். நாலாம் மாடி அர்சேனிஸ் வக்கீல் மட்டும் கைவைத்த சிவப்பு மெத்தை நாற்காலியில் உட்காருவார். ஆனால் அவர் அதைத் தூக்கிக்கொண்டு இறங்கினதை யாரும் பார்த்ததில்லை. அவருடைய மனைவி ரெயினா முன்னாலேயே வந்து போட்டுவிட்டு, தனக்கு நாற்காலி இல்லாமல் படியில் உட்கார்ந்துகொள்வாள்.

அர்சேனிஸ் கொந்தோமாரிஸ் ஓய்வுபெற்ற வக்கீல். வக்கீல் தொழிலில் இருந்துதான் ஓய்வு. வாயில் இருந்து இல்லை. கோர்ட்டில் அவர் சட்டம் பேசினதைவிட எதிராளியின் வீட்டுச் சமாசாரம் பேசினதுதான் அதிகம். ஒருமுறை ஆலிவ் தோப்பு எல்லைத் தகராறு ஒன்றில், நிலம் அளந்த சர்வேயர் சாட்சி சொல்ல வந்தார். அளவு துல்லியம், வரைபடம் சுத்தம், அர்சேனிஸின் கட்சிக்காரன் பக்கத்துத் தோப்பை விழுங்கியிருப்பது கண்ணாடி மாதிரித் தெரிந்தது. அர்சேனிஸ் எழுந்து ஒரே ஒரு கேள்வி கேட்டார். “பள்ளிக்கூடத்தில கணக்குப் பாடத்தில தோத்துப்போய் ரெண்டாவது தடவை அதே வகுப்பில உட்கார்ந்தீங்களே, அது எந்த வருஷம்?” சர்வேயருக்கு முகம் சிவந்தது, நாக்கு குழறியது, கோர்ட்டு சிரித்தது. எதிராளியின் தோப்பு போயிற்று. அந்தக் கதையை அர்சேனிஸ் இன்றைக்கும் காப்பிக்கடையில் சொல்லுவார். அளவு சரியா தப்பா என்று மட்டும் சொல்ல மாட்டார்.

இப்போது அவருக்கு ஒரே ஆசைதான் பாக்கி. துறைமுக பேண்டு வாத்தியக் குழுவின் தலைவர் நாற்காலி.

எங்கள் ஊரில் பேண்டு மூன்று; பிறந்த குழந்தைக்கு முதலில் கோயிலில் ஞானஸ்நானம், அடுத்து பேண்டில். அப்பன் எந்த பேண்டில் ஊதினானோ அதே பேண்டுக்குத்தான் பிள்ளையும் கைதட்ட வேண்டும். மாறினால் குலத் துரோகி. துறைமுக பேண்டின் கிழத் தலைவர் லவ்ரேந்திஸ் இந்த ஈஸ்டரோடு இறங்கப் போகிறார். ஈஸ்டருக்கு அடுத்த ஞாயிறு தேர்தல். போட்டி இரண்டு பேருக்குள்: நம்முடைய வக்கீல், அப்புறம் இரும்புக்கடை நிகொலேத்தோஸ். இதில் எழுதாத சட்டம் ஒன்று உண்டு. ஈஸ்டருக்கு முதல் நாள், புனித சனிக்கிழமை முற்பகல், கோயில் மணி அடித்ததும் ஊரே பால்கனியில் இருந்து மண் தாழிகளைத் தெருவில் போட்டு உடைக்கும் அல்லவா, அன்றைக்கு பேண்டின் கமிட்டி யார் வீட்டுப் பால்கனியில் நின்று தாழி போடுகிறதோ, அவருக்குத்தான் நாற்காலி. பல வருஷமாகக் கமிட்டி அர்சேனிஸ் வீட்டுக்குத்தான் வருகிறது. நிகொலேத்தோஸுக்கும் எதிர்ச்சாரியில் பால்கனி இருக்கிறது, பளிங்குத் தரையோடு. அந்த ஆள் ஆறு மாதமாக அதைத் துடைத்துக்கொண்டே இருக்கிறார்.

இப்படி இருக்கையில்தான் சம்பேத்தா அந்தக் கல்லைக் கொண்டுவந்தாள்.

சம்பேத்தா நாடா, பொத்தான், ஜரிகை விற்கிறவள். சந்து முனையில் கடை. கூட்டத்தில் மாடிப்படி விளக்கு, கழிவுநீர்க் குழாய், பூனை எல்லாம் பேசி முடித்த பிறகு, முக்காலியில் இருந்து எழுந்து, கைப்பையில் இருந்து உள்ளங்கை அகலத்துக்கு ஒரு காரைத் துண்டை எடுத்து நடுவில் வைத்தாள்.

“இது போன வாரம் என் துளசித் தொட்டியில விழுந்தது. அதுக்கு முந்தின வாரமும் ஒண்ணு விழுந்தது. வக்கீலய்யா பால்கனிக்கு அடியில, சுவரோட சேர்ற இடத்தில, இந்தக் கோடியில இருந்து அந்தக் கோடி வரைக்கும் விரிசல். மழை பெஞ்சா எனக்கு ஒழுகுது. ஒருத்தர் ரெண்டு பேர் நின்னாப் பரவாயில்ல. சனிக்கிழமை தண்ணி ரொப்பின தாழியும் ஒரு டஜன் ஆளும் நின்னா தாங்காது. இந்த ஒரு வருஷம் அங்க நிக்க வேண்டாம். கொத்தனார் வந்து பார்த்த பிறகு நிக்கட்டும். அவ்வளவுதான் நான் சொல்றது.”

கேப்டன் விளாசிஸ் குனிந்து கல்லைப் பார்த்தார். ஒலிம்பியா அம்மாள் கண்ணாடியை மாட்டிக்கொண்டாள்.

அர்சேனிஸுக்குக் கல் கண்ணில் படவில்லை. பளிங்குத் தரையில் காலை அகட்டி நின்று தாழி போடுகிற நிகொலேத்தோஸ்தான் தெரிந்தார். மெத்தை நாற்காலியில் சாய்ந்து, கண்ணை மூடித் திறந்து, கோர்ட்டுக் குரலை எடுத்தார்.

“சம்பேத்தா, நீ எந்த ஊரும்மா?”

“இதுக்கும் அதுக்கும் என்ன வக்கீலய்யா?”

“சும்மா கேட்டேன். பக்ஸித் தீவு, இல்லையா? அங்க வீட்டுக்கெல்லாம் மாடியே கிடையாது. பால்கனின்னு ஒண்ணை நீ முதமுதல்ல பார்த்ததே கல்யாணமாகி இங்க வந்த பிறகுதான். சரிதானே?”

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். சிரிப்பு அர்சேனிஸுக்கு வெயில்பட்ட பூனைக்கு வருகிற மாதிரி ஒரு சுகத்தைக் கொடுத்தது.

“நான் வந்து முப்பது வருஷமாச்சு,” என்றாள் சம்பேத்தா. “விரிசல் இருக்கா இல்லையான்னு யாராவது ஒருத்தர் என் வீட்டுக்கு வந்து நிமிர்ந்து பார்த்தாப் போதும்.”

“உன் வீட்டுக்கு வந்து பார்க்கிறதுக்கு ஆள் கூப்பிடறியா? நோன்புக் காலத்திலயா?”

இதற்குப் பெரிய சிரிப்பு. ஒலிம்பியா அம்மாள், “ஐயையோ வக்கீலய்யா!” என்று வாயைப் பொத்திக்கொண்டு, விரலிடுக்கில் சிரித்தாள். ரெயினா மட்டும் படியில் உட்கார்ந்தபடி தன் செருப்பைப் பார்த்தாள்.

“போன வருஷம் என் பால்கனியில நின்னு நீயும்தானே தாழி போட்டே?” அர்சேனிஸ் விடவில்லை. “அப்ப இடிஞ்சு விழுமேன்னு பயமில்லையா? இப்ப மட்டும் எங்கிருந்து வந்தது பயம்?”

“போன வருஷம் விரிசல் இல்ல. இருந்திருந்தா நானும் போட்டது தப்புதான். ரெண்டு பேரும் தப்பு பண்ணினா கல்லு கெட்டியாயிடுமா?”

இது நல்ல பதில். ஆனால் நல்ல பதிலுக்கு யார் சிரிப்பார்கள்? யாரும் சிரிக்கவில்லை. அர்சேனிஸ் கல்லைக் காலால் லேசாகத் தள்ளிவிட்டு எழுந்து நின்றார்.

“கேளுங்க எல்லாரும்! என் தாத்தா அந்தப் பால்கனியில நின்னு தாழி போட்டார். என் அப்பா போட்டார். குண்டு விழுந்த காலத்தில ஊரே பத்தி எரிஞ்சது, அந்தப் பால்கனி அசையல. இத்தனை நாள் விழாதது இந்தச் சனிக்கிழமை பார்த்தா விழும்? இன்னிக்கு பால்கனியில நிக்காதேம்பா. நாளைக்குத் தாழி போடாதேம்பா. நாளன்னிக்கு பேண்டு சத்தத்தில சுவர் அதிருது, ஊதாதேம்பா. அப்புறம் எதுக்குய்யா ஈஸ்டர்? மணியடிக்காம, ஆட்டை அறுக்காம, வீட்டுக்குள்ளேயே கதவைச் சாத்திக்கிட்டுக் கிடப்போம். அதுதானே உனக்கு வேணும்?”

“நான் எப்ப ஈஸ்டர் வேண்டாம்னேன்? கொத்தனாரைக் கூப்பிடுங்கன்னேன்.”

“இவ எந்த பேண்டு வீட்டுக்காரின்னு தெரியுமா?” அர்சேனிஸ் குரலைத் தாழ்த்தினார். தாழ்த்தினால் எல்லாரும் முன்னால் சாய்வார்கள் என்பது அவருக்குத் தெரியும். “இவ கல்யாணம் பண்ணின வீடு மேட்டுத்தெரு பேண்டு! மாமனார் கிளாரினெட்டு ஊதினவன். துறைமுக பேண்டு கமிட்டி நம்ம கட்டடத்துக்கு வர்றது யாருக்குக் கண்ணை உறுத்தும்னு நீங்களே யோசிச்சுக்குங்க. அந்த மாமனார் பெத்த புள்ளையாவது இருந்தானா? உல்லாசக் கப்பல்ல ஏறினவன் இன்னும் இறங்கல. புருஷனையே பிடிச்சு வைக்கத் தெரியாதவ, என் பால்கனியைப் பிடிச்சு வைக்க வந்துட்டா.”

இந்த இடத்தில் சிரிப்பு வெடித்துச் சிதறியது. கேப்டன் சிரித்தார், மேல்மாடிக்காரர்கள் சிரித்தார்கள், ஒலிம்பியா அம்மாளுக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது. நம் ஊர்க்காரர்களைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும்: காரைத் துண்டு ஒன்று நடுவில் கிடக்க, அது எங்கிருந்து விழுந்தது என்று பார்க்க ஒரு மாடி ஏற முடியாதவர்கள், ஒருத்தியின் புருஷன் எங்கே போனான் என்று பார்க்க ஏழு கடல் தாண்டுவார்கள்.

கை தூக்கச் சொன்னார்கள். சம்பேத்தாவைத் தவிர எல்லாக் கையும் அர்சேனிஸ் பக்கம் எழுந்தன. ரெயினாவின் கையும் பாதி எழுந்து, காதோரம் முடியை ஒதுக்கிவிட்டு இறங்கியது.

சம்பேத்தா முக்காலியை எடுத்துக்கொண்டாள். “கல்லை நீங்களே வச்சுக்குங்க,” என்றாள். போய்விட்டாள்.

அர்சேனிஸ் அன்றைக்குக் நோன்புக்கு ஆகிற கணவாய் மீனும் சோறும் இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டார். வென்ற ருசி அது. மறுநாள் படிக்கட்டு பெருக்க வந்தவள் தேடியபோது அந்தக் கல்லைக் காணோம். கேப்டன் விளாசிஸ் சமையலறை ஜன்னலில் அதை வைத்துச் சுத்தியால் லேசாகத் தட்டிக்கொண்டிருந்ததை எதிர்வீட்டு ஜன்னல் பார்த்தது. எதிர்வீட்டு ஜன்னல் எதைத்தான் பார்க்கவில்லை? ஒலிம்பியா அம்மாள் ரொட்டி வாங்கப் போகிற சாக்கில் சந்து நடுவில் நின்று, பொட்டலத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, வெகுநேரம் நாலாம் மாடியை அண்ணாந்து பார்த்ததையும் அது பார்த்தது.

ஈஸ்டருக்கு முந்தின பெரிய வியாழன் அன்று பால்கனியில் சிவப்புத் துணி கட்ட வேண்டும். தாழி வைக்க இடம் ஒழிக்க, அர்சேனிஸ் கதவோரம் எப்போதும் கிடக்கிற கம்பளத்தை உருட்டினார். உருட்டினவர் அப்படியே குந்தி உட்கார்ந்துவிட்டார்.

வாசற்படிக்கும் பால்கனித் தரைக்கும் நடுவே ஒரு கோடு ஓடியது. இந்தக் கோடியில் இருந்து அந்தக் கோடி வரை, அவள் சொன்ன மாதிரியே. பேனாவால் போட்ட மாதிரி மெல்லிசு. மீசை முடியை விட்டுப் பார்க்கலாமா என்று நினைத்து, சட்டைப்பையில் இருந்த முகவரி அட்டையை எடுத்து ஓரத்தை நுழைத்தார். ‘அர்சேனிஸ் கொந்தோமாரிஸ், வழக்கறிஞர்’ என்கிற அட்டை பாதிவரை உள்ளே போயிற்று.

வேறு யாராக இருந்தாலும் அந்த நிமிஷமே கொத்தனாருக்கு ஆள் அனுப்பியிருப்பார்கள். நம் வக்கீல் விரிசலோடு வாதாட ஆரம்பித்தார். இது எப்போது வந்தது? யார் வந்தபோது வந்தது? அவள் துளசித் தொட்டிக்கு ஊற்றுகிற தண்ணீர்தான் சுவரில் ஏறியிருக்கும். கீழே ஊற்றினால் மேலே ஏறாது என்பது கணக்கில் தோற்றவன் சொல்வது. அவள் துணிக்கொடிக்கு ஆணி அடித்தாளே, அந்த அதிர்ச்சி. சும்மாவா சொன்னார்கள், மேட்டுத்தெருக்காரி கண் பட்டால் கல்லும் வெடிக்கும் என்று. இப்படி விரிசலின் வம்சத்தை ஏழு தலைமுறைக்குத் திட்டி முடித்துவிட்டு, வழக்கை வென்ற திருப்தியோடு கம்பளத்தை மறுபடி அதன்மேல் விரித்தார். விரித்தபோது தன் ஒரு கால் வீட்டுக்குள்ளேயே நின்றுகொண்டதை அவர் கவனிக்கவில்லை. ரெயினா கவனித்தாள். அவள் கையில் சிவப்புச் சாயம் ஏறிய ஈஸ்டர் முட்டை. அதைத் துடைத்துக்கொண்டே போனாள்.

சனிக்கிழமை விடிந்தது. காலையில் ஊரைக் காக்கிற புனிதரின் ஊர்வலம் முடிந்து, மூன்று பேண்டும் சோக ராகம் ஊதி ஓய்ந்து, சந்து முழுக்க ஜனம். தெரு நடுவைக் கயிறு கட்டி ஒழித்திருந்தார்கள். அர்சேனிஸ் வீட்டு வரவேற்பறையில் கமிட்டி வந்து சேர்ந்தது. மேசையில் ஆரஞ்சு மதுவும் கப்புகளும். கழுத்தில் சிவப்பு நாடா கட்டிய தாழிகள் தண்ணீர் ததும்ப அறைக்குள் வரிசையாக நின்றன. இடுப்பு உயரத்துக்கு ஒன்று, முழங்கால் உயரத்துக்கு இரண்டு. நாடா சம்பேத்தா கடையில் வாங்கினதுதான்; ஊரில் வேறு கடை கிடையாது.

பால்கனிக் கதவு விரியத் திறந்திருந்தது. வெளியே யாரும் இல்லை.

“ஏன் எல்லாரும் உள்ளேயே நிக்கறீங்க? வெளியில போங்க, காத்து வருது!” என்றார் அர்சேனிஸ், கதவில் இருந்து நாலடி தள்ளி நின்று.

“காத்துதான் ஒத்துக்காது எனக்கு,” என்றார் கிழவர் லவ்ரேந்திஸ், கழுத்துத் துண்டை இறுக்கிக்கொண்டு. “ஊதின நெஞ்சு.”

கேப்டன் விளாசிஸுக்கு முட்டிவலி. நின்றுகொண்டுதான் அதைச் சொன்னார். ஒலிம்பியா அம்மாளுக்கு உயரம் என்றால் தலை சுற்றும். அவள் இருபது வருஷமாக இதே பால்கனியில் நின்று கைதட்டினவள். கமிட்டிக்காரர் ஒருவருக்குத் தொப்பி பறந்துவிடும், இன்னொருவருக்கு வெயில். ஒருவர் மட்டும் துணிந்து கதவு வரை போய், கம்பளத்தின் ஓரத்தைப் பூட்ஸ் நுனியால் மெல்லத் தூக்கிப் பார்த்து, ஏதோ ஞாபகம் வந்தவர் போல திரும்பி வந்து மதுவை ஊற்றிக்கொண்டார்.

அன்றைக்குக் கூட்டத்தில் கை தூக்கினவர்களும் இவர்களில் இருந்தார்கள். கைதான் அவரை நம்பியது. கால் நம்பவில்லை.

எதிர்ச்சாரிப் பளிங்குப் பால்கனியில் நிகொலேத்தோஸ் குடும்பத்தோடு காலை அகட்டி நின்று, இந்தப் பக்கம் பார்த்துத் தொப்பியை அசைத்தார்.

“என்ன வக்கீலய்யா, கமிட்டி வரலையா?” சந்து முழுக்கக் கேட்கக் கத்தினார். “ஆளையே காணோமே!”

“உள்ள இருக்காங்க!” என்று அர்சேனிஸ் திருப்பிக் கத்தினார். “உங்களை மாதிரி சோத்துக்கு முன்னாடியே பந்தியில போய் உட்கார்ற ஆளுங்க இல்ல!”

அறைக்குள் ஒருவரும் சிரிக்கவில்லை. கோயில் மணி அடித்தது. ஒன்று அடித்ததும் ஊரின் எல்லா மணியும் சேர்ந்து அடித்தன. மேலே, கீழே, எதிரே, தாழிகள் விழ ஆரம்பித்தன. தெருவே வெடித்தது. நிகொலேத்தோஸின் தாழி கயிற்றுக்கு நடுவே விழுந்து பீரங்கி மாதிரி உடைந்தது. ஜனம் ஹோவென்றது. அடுத்து எல்லாத் தலையும் நாலாம் மாடிக்குத் திரும்பின.

“போடுங்க வக்கீலய்யா,” என்றார் லவ்ரேந்திஸ். “உங்க வீடு. உங்க கை.”

“ஒரு கை பிடிங்க கேப்டன்.”

கேப்டன் முட்டியைத் தடவினார்.

அர்சேனிஸ் மனைவியைப் பார்த்தார். ரெயினா சொன்னாள்: “நீங்கதானே ஜெயிச்சீங்க? போங்க.”

அவர் இடுப்பு உயரத் தாழியை விட்டுவிட்டு முழங்கால் உயரத் தாழியைக் கட்டிப்பிடித்துத் தூக்கினார். கதவு வரை போனார். வாசற்படி வரை போனார். அங்கே நின்றார். கீழே சந்தின் மறுபக்கம், நடைபாதையில், சம்பேத்தா நின்றுகொண்டிருந்தாள். தன் பால்கனியைக் காலி செய்து, கதவைப் பூட்டிவிட்டு இறங்கியிருக்கிறாள். வானத்தில் ஒரு மேகம் கிடையாது. அவள் குடை பிடித்திருந்தாள்.

அவருக்கு ரத்தம் தலைக்கேறியது. ஒரு அடி வைத்தால் போதும். இரண்டரை அடி அகலம்தான் பால்கனி. மனசு வாதாடியது: தாத்தா நின்றார், அப்பா நின்றார், குண்டு விழுந்தது, அசையவில்லை. வலது காலிடம் அத்தனையும் சொன்னார். கால் எதிர்வாதமே செய்யவில்லை. வரவும் இல்லை. வாசற்படிக்கு உள்ளேயே நின்றபடி, எட்டினவரை எட்டி, தாழியைக் கம்பிக்கு மேலாக வீசினார்.

எட்டவில்லை. தாழி கம்பியில் மோதி, உள்பக்கமாகத் திரும்பி, பால்கனித் தரையிலேயே விழுந்து உடைந்தது.

பால்கனி இடிந்து விழவில்லை. அதை நேர்மையாகச் சொல்ல வேண்டும். தண்ணீர்தான் காணாமல் போயிற்று. முன்பக்க விளிம்பில் ஒரு சொட்டு வழியவில்லை. முழுக்கப் பின்பக்கமாக, கம்பளத்தை நனைத்துக்கொண்டு, வாசற்படிக் கோட்டுக்குள் இறங்கியது. கீழே நின்ற ஜனம் பார்த்தது: நாலாம் மாடிப் பால்கனியின் அடிவயிற்றில், இந்தக் கோடியில் இருந்து அந்தக் கோடி வரை, சல்லாத் திரை தொங்குகிற மாதிரி தண்ணீர் இறங்கியது. பின்னாலேயே ஒரு ரொட்டி அளவுக்குக் காரை பெயர்ந்து, மூன்றாம் மாடியில் தட்டி, கயிற்றுக்குள் வந்து விழுந்தது.

அப்புறம் வெளியூர்க்காரன் யாரோ இதுவும் சடங்கு என்று நினைத்துக் கைதட்டினான். சந்தே சேர்ந்து தட்டியது.

அர்சேனிஸ் அறைக்குத் திரும்பினார். சட்டை நெஞ்சுவரை நனைந்திருந்தது. “பார்த்தீங்களா?” என்றார். “விழலையே! விழும்னாளே, விழுந்துச்சா?”

கமிட்டிக்காரர்கள் தொப்பியைத் தேடி எடுத்தார்கள்.

“தாழி சரியில்ல. குயவன் யாருன்னு தெரியுமா? நிகொலேத்தோஸோட மச்சினன் ஊர்க்காரன்! வேணும்னே கழுத்தை ஒல்லியாப் பண்ணியிருக்கான்!”

லவ்ரேந்திஸ் கப்பை வைத்தார். “பேண்டு கிளம்புது, கீழ போய்ப் பார்ப்போம்,” என்றார். கமிட்டி கீழே போயிற்று. பேண்டைத் தாண்டிப் போயிற்று. கொஞ்ச நேரத்தில் எதிர்ச்சாரிப் பளிங்கில் நின்று அடுத்த தாழியைத் தூக்கிக்கொண்டிருந்தது. காற்றும் வெயிலும் அங்கே யாரையும் ஒன்றும் செய்யவில்லை.

அந்த விரிசலை அடுத்த வாரமே பூசினார்கள். கட்டடக் கூட்டத்தில் ஒலிம்பியா அம்மாள்தான் முதலில் பேசினாள்: “நான் அப்பவே நினைச்சேன்.” எல்லாரும் அப்பவே நினைத்தவர்கள்தான். சம்பேத்தா சொன்னாளே என்று ஒருவர் இழுத்தார். “சொன்னா, சொன்னா. ஆனா அவ சொன்ன விதம் இருக்கே!” என்றார் கேப்டன். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

பேண்டு தேர்தல் அன்று அர்சேனிஸ் விட்டுக்கொடுக்கவில்லை. ஒத்திகைக் கூடத்தில் எழுந்து நின்றார். வாழ்க்கையில் முதல் முறையாக, வேறு எதுவும் கையில் இல்லாததால், விஷயத்தைப் பேசினார். கூடத்தின் கூரை ஒழுகுகிறது. மேளங்கள் இருக்கிற அலமாரிக்கு நேர் மேலேயும் ஒழுகுகிறது. வருகிற மழைக்குள் ஓடு மாற்றாவிட்டால் தோல் எல்லாம் ஊறிப் போகும். ஆகவே நிகொலேத்தோஸ் சொல்கிற மாதிரி வாத்தியக்காரர் தலைக்கவசத்துக்குப் புது இறகும் சீருடைக்குப் புது ஜரிகையும் இப்போது வேண்டாம், முதலில் கூரை. அப்பழுக்கில்லாத வாதம். நடுக்கூடத்தில், இரண்டு வரிசை நாற்காலிக்கு நடுவே, ஒழுகுகிற தண்ணீரைப் பிடிக்கிற வாளி இருந்தது. அதைச் சுற்றித்தான் எல்லாரும் உட்கார்ந்திருந்தார்கள்.

நிகொலேத்தோஸ் எழுந்திருக்கக்கூட இல்லை.

“வீட்டுத் தரையில ஓட்டை வச்சிருக்கறவர் ஊர்க் கூரையைப் பத்திக் கவலைப்படறார்,” என்றார்.

கூடம் அதிர்ந்தது. யாரோ டிரம்மில் ஒரு தட்டுத் தட்டினார்கள். பின்வரிசையில் இருந்து ஒரு குரல்: “வக்கீலய்யா, கூரையேறிப் பார்த்தீங்களா, இல்ல வாசப்படியிலேயே நின்னுட்டீங்களா?”

“நான் யாருங்கறது இருக்கட்டும்யா!” அர்சேனிஸின் குரல் கீச்சிட்டது. “நான் சொல்றது சரியா தப்பான்னு பாருங்க! வாளி அங்க இருக்கு பாருங்க!”

வாளியை யாரும் பார்க்கவில்லை. அவர் மீசையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். இறகு ஜெயித்தது. நாற்காலி நிகொலேத்தோஸுக்குப் போயிற்று.

இரண்டு நாள் கழித்து அர்சேனிஸ் சந்து முனைக் கடைக்குள் நுழைந்தார். அங்கே அவருக்கு வாங்க ஒன்றும் இல்லை. சம்பேத்தா புது ஜரிகைச் சுருளைப் பிரித்துக்கொண்டிருந்தாள். பேண்டு சீருடைக்கு.

“ஒரு கறுப்புப் பொத்தான்,” என்றார்.

அவள் டப்பாவைத் திறந்து ஒன்றை எடுத்து வைத்தாள். அவர் அதைப் புரட்டினார்.

“கூட்டத்தில நடந்ததைக் கேள்விப்பட்டிருப்பே.”

“ஊரே கேள்விப்பட்டுச்சு.”

“கூரை ஒழுகுதா இல்லையா? நீதான் சீருடைக்கு அளவெடுக்க அங்க போறவளாச்சே, நீயே சொல்லு. நான் சொன்னது சரிதானே?”

“சரிதான் வக்கீலய்யா,” என்றாள் சம்பேத்தா, சுருளில் இருந்து கண்ணை எடுக்காமல். “ரொம்பச் சரி. ஆனா சொன்னது யாரு?”

அவர் வாயைத் திறந்தார். அவளைப் பற்றி அவரிடம் இன்னும் எவ்வளவோ சரக்கு இருந்தது. பக்ஸித் தீவில் அவளுடைய சித்தப்பன் ஒருத்தன் எண்ணெய்ச் செக்கைக் கொளுத்திய கதைகூட இருந்தது. நாக்கு நுனிவரை வந்தது. கடையில் கேட்டுச் சிரிக்க ஆள் இல்லை.

“வந்ததுதான் வந்தீங்க,” என்றாள் அவள். “இந்த நுனியைக் கொஞ்சம் பிடிங்க. தனியா அளக்க வரல.”

அவர் பிடித்தார். அவள் சுருளை உருட்டிக்கொண்டே கடையின் அந்தக் கோடிக்குப் போனாள். நிகொலேத்தோஸின் தோளுக்குப் போகிற ஜரிகை, பளபளவென்று, அர்சேனிஸ் கையில் இருந்து நீண்டுகொண்டே போயிற்று.

“இழுத்துப் பிடிங்க வக்கீலய்யா,” என்றாள் அங்கிருந்து. “தொய்யுது.”